கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினி, இன்னும் அதே பேர்தானா?

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்க. ஐடி கார்டுக்கு போட்டோ, லேப்டாப்புக்குக் கையெழுத்து, நடுவுல எச்ஆர் நீட்டின ஒரு கட்டு ஃபார்ம். அதுல நாமினின்னு ஒரு கட்டம் இருந்திருக்கும். அம்மா பேர், இல்லைன்னா அப்பா பேர். பங்கு 100 சதவீதம். கையெழுத்து. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தக் கட்டத்தை ஒரு தடவையாவது திறந்து பார்த்தீங்களா?

உயில் எழுதுவது எப்படி, நாமினி எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் நம்ம சேனல்ல ஏற்கெனவே பேசியாச்சு. இன்னைக்குப் பேசப் போறது அதுக்கு அடுத்த கட்டம். எழுதி வச்ச பேப்பர், உங்க வாழ்க்கையோட சேர்ந்து மாறுதா? இதுல பலருக்கும் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. எல்லாப் பேப்பரும் ஒரே மாதிரி நடந்துக்காது. நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டா சிலது தானாவே செல்லாமப் போகும். சிலது எது நடந்தாலும் அசையாம அப்படியே நிற்கும். எது எந்த ரகம்னு தெரியாம, "ஏதோ நாமினி போட்டிருக்கோம், பார்த்துக்கலாம்"னு இருக்கிறதுதான் ஆபத்து.

ஒருத்தரை எடுத்துக்குவோம். கோயம்புத்தூர்ல ஐடி வேலை, வயசு 31. வேலைக்குச் சேர்ந்தது 23 வயசுல. 25 வயசுல ஒரு கோடி ரூபாய்க்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடுத்தார், நாமினி அப்பா. 28 வயசுல கல்யாணம். இப்போ ஒரு வயசுப் பெண் குழந்தை. ஹோம் லோன்ல ஒரு ஃபிளாட், அவர் பேர்ல மட்டும். முதல் கம்பெனி காலத்து சேலரி அக்கவுண்ட்ல ஒரு எஃப்டி, அதுக்கு நாமினி தம்பி. அப்பா, அம்மா, தம்பி மூணு பேரும் ஈரோட்டுல. உயில் எதுவும் இல்லை. இவர் திடீர்னு இல்லாமப் போனா என்ன நடக்கும்?

பிஎஃப்-ல இருந்து ஆரம்பிப்போம்

1952-ஆம் வருஷத்து இபிஎஃப் திட்டத்துல நாமினேஷனுக்குத் தனி விதி இருக்கு. உங்களுக்குக் குடும்பம் இருந்தா, அந்தக் குடும்பத்துக்குள்ளதான் நாமினி போட முடியும். குடும்பம் இல்லாதப்போ யாரை வேணும்னாலும் போடலாம். ஆனா பிறகு குடும்பம்னு ஒண்ணு வந்துட்டா, பழைய நாமினேஷன் அந்த நிமிஷமே செல்லாது. புதுசாப் போடணும்.

இதுல குடும்பம்ங்கிற வார்த்தைக்கு நம்ம வீட்டு அர்த்தம் வேற, சட்டத்தோட அர்த்தம் வேற. மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களை நம்பி இருக்கிற பெற்றோர் இவங்க உள்ளே. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை யாரும் இதுல கிடையாது. அதனால பேச்சலர் காலத்துல அக்கா பேரைப் போட்டுட்டு, பிறகு கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க அந்த நாமினேஷனை நம்பாதீங்க. அம்மா பேரைப் போட்டவங்களும் நிம்மதியா உட்கார வேண்டாம். அந்த நேரத்துல அம்மா உங்களை நம்பி இருந்தாங்களா, அப்பாவோட சம்பளத்துல இருந்தாங்களாங்கிற கேள்வி, நீங்க இல்லாத நேரத்துல உங்க மனைவிக்கும் அம்மாவுக்கும் நடுவுல வந்து நிற்கும். அந்த வாக்குவாதம் வீட்டுக்குத் தேவையா?

நாமினேஷன் செல்லலைன்னா பணம் தொலைஞ்சு போகாது. குடும்பத்துல தகுதி உள்ளவங்களுக்குச் சமமாப் பிரிச்சுத் தருவாங்க. ஆனா யார் யார் குடும்பம்னு நிரூபிக்கிற வேலை, துக்கத்துல இருக்கிறவங்க தலையில விழும். தாசில்தார் ஆபீஸ் வாரிசுச் சான்றிதழ்ல ஆரம்பிச்சு அலைய வேண்டியிருக்கும். பிஎஃப் பாக்கி மட்டும் இல்லை, அதோட சேர்ந்த இடிஎல்ஐ இன்சூரன்ஸும் இருக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தா அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை. அந்தத் தொகையும் பிஎஃப் யாருக்குப் போகணுமோ அவங்களுக்குத்தான் போகும். பென்ஷன் மட்டும் தனிக் கணக்கு. குடும்பம் இருந்தா நாமினியைப் பார்க்காம, மனைவி அல்லது கணவருக்கும், 25 வயது வரை இரண்டு பிள்ளைகளுக்கும் அது போகும்.

செய்ய வேண்டிய வேலை பத்து நிமிஷம். யூஏஎன் போர்ட்டல்ல மேனேஜ் மெனுவுக்குப் போய் இ-நாமினேஷன். குடும்பத்தினரோட ஆதார் விவரம், போட்டோ, பங்கு சதவீதம் கொடுத்துட்டு, கடைசியில ஆதார் ஓடிபி வச்சு இ-சைன். இந்தக் கடைசிப் படியிலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. சேவ் ஆனதும் முடிஞ்சுதுன்னு மூடிடுவாங்க. இ-சைன் ஆகலைன்னா அது வெறும் டிராஃப்ட். இப்பவே லாகின் பண்ணி ஸ்டேட்டஸைப் பாருங்க. மாத்தணும்னா எத்தனை தடவை வேணும்னாலும் மாத்தலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது.

கிராஜுவிட்டிக்கும் இதே மாதிரி விதிதான். ஆனா அது ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனி. கம்பெனி தர்ற குரூப் இன்சூரன்ஸும் அப்படியே. வேலை மாறினா அந்த ரெண்டுக்கும் புது கம்பெனியோட எச்ஆர் போர்ட்டல்ல நாமினி போட்டாகணும்.

இன்சூரன்ஸ், பேங்க், ஃபிளாட்

டேர்ம் இன்சூரன்ஸுக்கு வருவோம். நம்ம கோயம்புத்தூர்காரர் அப்பாவை நாமினியாப் போட்டிருக்கார் இல்லையா? கல்யாணம் ஆனதால அது மாறாது. குழந்தை பிறந்ததாலும் மாறாது. இது அசையாம நிற்கிற ரகம்.

நாமினின்னா பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டும்தான், சொந்தக்காரர் இல்லைன்னு நாம பல வீடியோவுல சொல்லியிருக்கோம். பேங்க் டெபாசிட்டுக்கு அதுதான் நிலைமை. ஷேருக்கும் அதுதான்னு 2023 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா இன்சூரன்ஸ்ல 2015-ல சட்டத்தைத் திருத்தினாங்க. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் இவங்கள்ல யாராவது நாமினியா இருந்தா, பணம் அவங்களுக்கே உரியதுன்னு அந்தத் திருத்தம் சொல்லுது. அப்போ ஒரு கோடியும் அப்பா கைக்குப் போகுது. ஹோம் லோன் இஎம்ஐ மனைவி தலையில. இல்லை, வாரிசுச் சட்டம்தான் மேல்னு வாதாடி மனைவி கோர்ட்டுக்குப் போகலாம், அப்படிச் சொன்ன தீர்ப்பும் இருக்கு. ஆனா மாமனார் மேல கேஸ் போட்டு எத்தனை வருஷம் ஓட்டுறது? நாமினி மாற்ற ஒரு ஃபார்ம் கொடுத்திருந்தாப் போதும்.

குழந்தையை நாமினியாப் போட்டா, 18 வயசு ஆகும் வரை பணத்தை வாங்கிக்க ஒரு பெரியவரை அப்பாயின்ட்டின்னு குறிப்பிடணும். அந்த அப்பாயின்ட்டிக்கும் வயசாகும், ஊர் மாறும், உறவும் மாறும். அதையும் பார்க்கணும். எம்டபிள்யூபி சட்டத்துல எடுத்த பாலிசியா இருந்தா கதையே வேற. அது 1874-ஆம் வருஷத்துச் சட்டம், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பா இருக்கட்டும்னு வந்தது. கடன்காரன்கூட அந்தப் பணத்தைத் தொட முடியாது. ஆனா அதுல போட்ட பயனாளியைப் பிறகு மாத்தவும் முடியாது. பாலிசி எடுக்கும்போதே யோசிச்சு டிக் பண்ணுங்க.

பேங்க் எஃப்டி. நாமினி தம்பி. பேங்க் அவர்கிட்ட பணத்தைக் கொடுத்துட்டு தன் வேலை முடிஞ்சுதுன்னு ஒதுங்கிடும். பணத்தை அண்ணிகிட்ட கொடுக்க வேண்டியது தம்பியோட பொறுப்பு. தம்பி நல்லவராவே இருப்பார், அதுல சந்தேகப்படல. ஆனா அண்ணி அவர்கிட்ட கேட்கணும், அவர் மனைவி ஒரு வார்த்தை சொல்வாங்க... நம்ம குடும்பங்கள் எப்படின்னு உங்களுக்கே தெரியும். 2025 நவம்பர் 1 முதல் பேங்க் அக்கவுண்ட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம், சதவீதமும் பிரிக்கலாம். டீமேட், மியூச்சுவல் ஃபண்டுக்கு பத்துப் பேர் வரை. மாத்துறது ஆப்பிலேயே முடியுற வேலைதான்.

ஃபிளாட்டுக்குத்தான் உண்மையான தலைவலி. உயில் இல்லாம ஒரு இந்து ஆண் இறந்தா, 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாருக்கும் சமப் பங்கு. நம்ம ஆளோட ஃபிளாட் மூணு பங்கா ஆகும்: மனைவிக்கு ஒண்ணு, ஒரு வயசுக் குழந்தைக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. அப்பாவுக்கு எதுவும் இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு வாரிசு. இஎம்ஐ கட்ட முடியலை, ஃபிளாட்டை வித்துடலாம்னு மனைவி நினைச்சா, குழந்தையோட பங்கை விக்க கோர்ட் அனுமதி வாங்கணும். அம்மாவும் கையெழுத்துப் போடணும். நாளைக்கு அம்மாவும் உயில் இல்லாம இறந்துட்டா, அவங்க பங்கு அப்பா, தம்பி, பேத்தின்னு பிரியும். இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்கு மருமகளும் மாமனாரும் கொழுந்தனும் கூட்டுச் சொந்தக்காரர்கள்.

ஒரு பக்க உயில் எழுதியிருந்தா இந்த ஃபிளாட் கதை மொத்தமும் இல்லை.

பெண்கள் இதைக் கட்டாயம் படிங்க

மேலே சொன்னது ஆண்களுக்கான கணக்கு. சம்பாதிக்கிற பெண்களுக்குச் சட்டம் இன்னும் கரடுமுரடு. அதே 1956 சட்டத்துல, இந்துப் பெண் உயில் இல்லாம இறந்தா சொத்து முதல்ல பிள்ளைகளுக்கும் கணவருக்கும். அவங்க இல்லைன்னா அடுத்து யாருக்குத் தெரியுமா? அவளைப் பெத்தவங்களுக்கு இல்லை. கணவரோட வாரிசுகளுக்கு! அவங்களும் யாருமே இல்லைன்னாத்தான் அப்பா அம்மா. பெற்றோர்கிட்ட இருந்து வாரிசா வந்த சொத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. சொந்தச் சம்பளத்துல சேர்த்ததுக்கு இல்லை.

இது ஏதோ தியரி இல்லை. 2009-ல உச்ச நீதிமன்றத்துல முடிஞ்ச ஒரு வழக்கு. அந்தப் பெண்ணுக்கு 1955-ல கல்யாணம். மூணே மாசத்துல கணவர் பாம்பு கடிச்சு இறந்துட்டார். புகுந்த வீட்டுல துரத்தி விட்டுட்டாங்க. பிறந்த வீட்டுல படிக்க வச்சாங்க, வேலைக்குப் போனாங்க, நாற்பது வருஷம் தனியா வாழ்ந்தாங்க. 1996-ல உயில் எழுதாம இறந்தாங்க. பேங்க்ல பணம், பிஎஃப்-ல பெரிய தொகை. அம்மா கேட்டாங்க. கணவரோட அக்கா தங்கை வழிப் பிள்ளைகளும் கேட்டாங்க. நீதிமன்றம் சட்டத்தைப் பார்த்துச்சு, அனுதாபத்துக்காக அதை மாத்த முடியாதுன்னு சொல்லிடுச்சு. சொத்து கணவர் வழி உறவுக்கே போச்சு. அவங்களைத் துரத்தி விட்ட அதே வீடு.

சம்பாதிக்கிற தங்கைகளே, கணவரும் நல்லவர், மாமியார் வீடும் நல்ல வீடு, எல்லாம் சரி. நீங்களும் கணவரும் ஒரே விபத்துல சிக்கினா? உங்க சம்பளத்தை நம்பி இருக்கிற அம்மா அப்பாவுக்கு உங்க சேமிப்புல ஒரு பங்கு போகணும்னா, அதை நீங்க எழுதி வச்சாத்தான் போகும். கல்யாணத்துக்கு முன்னாடி உயில் இல்லாம இறந்தா பெற்றோருக்குப் போகும். தாலி கட்டின அன்னைக்கே அந்த வரிசை மாறிடுது, நீங்க எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாமலே. அதனால கல்யாண மாசத்துலேயே உயிலை எழுதுங்க. கணவர்கிட்ட மறைச்சுச் செய்ய வேண்டியதும் இல்லை. அவரும் அவர் அம்மாவுக்காக எழுதட்டும்.

எழுதின உயிலுக்கும் வயசாகும்

ஏற்கெனவே உயில் எழுதியாச்சா? சபாஷ். ஆனா எப்போ எழுதினீங்க? நீங்க இந்துவா இருந்தா, கல்யாணத்தால பழைய உயில் ரத்தாகாது. 'எல்லாம் என் அம்மாவுக்கு'ன்னு 26 வயசுல எழுதினது 40 வயசிலும் அப்படியே செல்லும், மனைவி பேர் அதுல இல்லாட்டாலும். நீங்க கிறிஸ்தவரா இருந்தா நேர் எதிர். 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கல்யாணம் ஆனதும் பழைய உயில் ரத்து. புதுசா எழுதலைன்னா உயிலே இல்லாத மாதிரிதான். முஸ்லிம்களுக்கு மொத்தச் சொத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல உயில்ல எழுத மத்த வாரிசுகளோட சம்மதம் வேணும். மதம் மாறிக் காதலிச்சு ஸ்பெஷல் மேரேஜ் ஆக்ட்ல ரிஜிஸ்டர் பண்ணினவங்களுக்குப் பங்குக் கணக்கே வேற சட்டத்துக்குப் போயிடும். அவங்க ஒரு வக்கீலை உட்கார்ந்து பார்க்கிறது நல்லது. விவாகரத்து ஆனவங்களும்தான். டைவர்ஸ் ஆச்சுன்னு பேங்க்ல இருக்கிற நாமினி பேரோ, உயில்ல இருக்கிற பேரோ தானா அழியாது.

மனுஷங்க மட்டும் இல்லை, சொத்தும் மாறும். 'வண்டலூர் மனை மகளுக்கு, பேங்க் எஃப்டி மகனுக்கு'ன்னு உயில் எழுதியிருக்கீங்கன்னு வச்சுக்குவோம். நாலு வருஷம் கழிச்சு மனையை வித்து அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டுல போட்டுட்டீங்க. உயிலை மாத்தலை. மகளுக்கு மனைக்குப் பதிலா ஃபண்ட் போகும்னு நினைச்சா, போகாது. குறிப்பிட்டுக் கொடுத்த பொருள் நீங்க இறக்கும்போது உங்ககிட்ட இல்லைன்னா, அந்தக் கொடையும் இல்லை. அதனால சம்பளக்காரங்க உயில்ல அக்கவுண்ட் நம்பரை வரிசையா அடுக்காதீங்கன்னு சொல்வேன். வீடு, மனை மாதிரி பெரியதை மட்டும் பேர் சொல்லி எழுதிட்டு, 'இதைத் தவிர என்னிடம் உள்ள, இனி சேரும் எல்லாச் சொத்தும்' இன்னாருக்கு இத்தனை பங்குன்னு ஒரு வரி. வருஷா வருஷம் எஃப்டி மாறினாலும் அந்த ஒரு வரி தாங்கும்.

மாத்தணும்னா, கோடிசில்னு வக்கீல்கள் சொல்ற திருத்தப் பத்திரம் எழுதலாம். என்னைக் கேட்டா நம்ம மாதிரி சின்னச் சொத்துக்கு அது வேண்டாம். மூணு கோடிசில் ஆனா எது எதை மாத்துச்சுன்னு யாருக்கும் புரியாது. முழுசாப் புதுசா எழுதுங்க, முதல் வரியிலேயே முந்தைய உயில் எல்லாத்தையும் ரத்து செய்யறேன்னு போடுங்க, தேதி போடுங்க. ரெண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடணும். சொத்து வாங்கப் போறவரையே சாட்சியா நிறுத்தாதீங்க. ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, ரிஜிஸ்டர் பண்றதும் கட்டாயம் இல்லை. ரிஜிஸ்டர் பண்ணின பழைய உயிலை, ரிஜிஸ்டர் பண்ணாத புது உயிலால மாத்த முடியும். கூகுள் டாக்ஸ்ல எழுதி டிஜிட்டல் கையெழுத்துப் போட்டா மட்டும் செல்லாது. ஐடிகாரங்க இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறீங்க! பேப்பர், பேனா, இது ரெண்டும்தான்.

எப்போ எப்போ பார்க்கணும்? கல்யாணம், குழந்தை, வீடு வாங்குறது, விக்கிறது, வேலை மாறுறது, வெளிநாடு போறது, நாமினியா இருந்தவர் இறக்கிறது. இதெல்லாம் நடக்கும்போது நமக்கு ஃபார்ம் ஞாபகமே வராது, அதுதான் நிஜம். அதனால இன்னொரு வழி சொல்றேன். வருமான வரி ரிட்டர்ன் போடுற சமயத்துல ஏஐஎஸ் டவுன்லோட் பண்ணுவீங்கதானே? எந்த பேங்க்ல வட்டி வந்தது, எந்த ஷேர்ல டிவிடெண்ட் வந்ததுன்னு அதுல வரும். நீங்க மறந்தே போன பழைய சேலரி அக்கவுண்ட்கூட 42 ரூபாய் வட்டியோட எட்டிப் பார்க்கும். வரிக்காக எடுத்த அதே லிஸ்ட்டை வச்சு, ஒவ்வொண்ணுக்கும் எதிரே இன்னைக்கு நாமினி யார்னு எழுதுங்க. ரெண்டு மணி நேர வேலை. தேவையில்லாத அக்கவுண்ட்டை அன்னைக்கே மூடுங்க. பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் பேங்க் நிதிக்குப் போயிடும். 2024 மார்ச் கடைசியில இப்படிக் கேட்பாரில்லாமக் கிடந்த பணம் மட்டும் 78,213 கோடி ரூபாய். உத்கம்னு ஒரு போர்ட்டல்ல தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனா தேடணும்னு வீட்டுல யாருக்காவது தோணணுமே!

அந்த லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து, உயிலோட சேர்த்து ஒரே ஃபைல்ல வச்சு, ஃபைல் எந்த பீரோவுலன்னு மனைவிக்கும் அம்மாவுக்கும் காட்டுங்க. பாஸ்வேர்டு எல்லாம் அதுல எழுத வேண்டாம்.

கடைசியா, நிறைய பேர் வெளியில சொல்லாத ஒரு தயக்கம். "நாமினியில அம்மா பேரை எடுத்துட்டு மனைவி பேரைப் போட்டா அம்மா மனசு என்ன ஆகும்?" எடுக்கவே வேண்டாம், பங்கு பிரிங்க. உங்களை நம்பி இருக்கிற அம்மாவுக்கு பிஎஃப்-ல 30 சதவீதம், மனைவிக்கு 70-ன்னு போட வழி இருக்கு. அம்மா அப்பாவுக்காகன்னே 25 லட்ச ரூபாய்க்குத் தனியா ஒரு டேர்ம் பாலிசி எடுத்தாலும் 30 வயசுல பிரீமியம் பெருசா வராது. பெரிய பாலிசி மனைவி குழந்தைக்கு, சின்னது அவங்களுக்கு. யாருக்கு எவ்வளவுன்னு ரெண்டு பேர்கிட்டயும் உட்கார்ந்து நீங்களே சொல்லுங்க. நாமினி மாத்துன கன்ஃபர்மேஷன் மெயில் வரும், அதையும் பிரிண்ட் எடுத்து அந்த ஃபைல்லயே போடுங்க. இ-நாமினேஷன் ஸ்கிரீன் ஒவ்வொண்ணையும் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு, யூஏஎன்-ஐயும் ஆதார் லிங்க் பண்ணின ஃபோனையும் பக்கத்துல வச்சுக்கிட்டுப் பாருங்க.